பிள்ளைகளை அளந்துவிட்டுப் போனார்கள், முடிவு வரவில்லை: மறுபடி விடலாமா?

கேள்வி: நான் கோலாலம்பூரில் ஒரு பி.பி.ஆர் (குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசாங்க வீட்டுத் திட்டம்) அடுக்குமாடியின் குடியிருப்பாளர் சங்கச் செயலாளர். சில வருடங்களுக்கு முன் ஒரு பல்கலைக்கழகக் குழு வந்து, பிள்ளைகளை எடை போட்டு, உயரம் அளந்து, வீட்டுச் சம்பளம் வரை கேட்டு எழுதிக்கொண்டு போனது. முடிவு என்ன என்று இன்றுவரை ஒரு தாள்கூட வரவில்லை. இப்போது இன்னோர் ஆராய்ச்சி மையம் அனுமதி கேட்டுக் கடிதம் போட்டிருக்கிறது. இந்த முறை ரத்தமும் எடுப்பார்களாம். "நம்மை வைத்து அவர்கள் பட்டம் வாங்குவார்கள், நமக்கு என்ன லாபம்?" என்கிறார்கள் எங்கள் பெரியவர்கள். சம்பளத்தைச் சொன்னால் வாடகையை ஏற்றிவிடுவார்கள், உதவித்தொகை நின்றுவிடும் என்ற பயமும் இருக்கிறது. இந்த மையங்களால் உண்மையிலேயே ஏதாவது நடக்கிறதா? நான் என்ன பதில் எழுதட்டும்?

- வாசகி, கோலாலம்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வரச் சொல்லுங்கள். ஆனால் சும்மா வரச் சொல்லாதீர்கள். அவர்களிடம் என்னென்ன கேட்டு வாங்க வேண்டும் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் பெரியவர்கள் கேட்டதற்கு வருகிறேன். அவர்கள் கோபம் நியாயமானது. வீடு வீடாக ஏறி இறங்கித் தகவல் சேர்ப்போம், கட்டுரை எழுதுவோம், தகவல் தந்தவர்களை மறந்துவிடுவோம். பொதுச் சுகாதார ஆய்வுத் துறையில் இருக்கிற எனக்கு இது நன்றாகத் தெரியும். எங்கள் துறையின் பழைய கெட்ட பழக்கம் இது.

ஆனாலும் "நமக்கு என்ன லாபம்" என்ற கேள்விக்கு இந்த ஊரிலேயே நூறு வருடத்துக்கு மேலான ஒரு பதில் இருக்கிறது. அதில் நம் ஆட்களுக்கும் பங்கு உண்டு.

கோலாலம்பூரில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1900-இல் தொடங்கியது. ஜாலான் பகாங் பக்கம் போகிறவர்கள் அதன் பழைய கட்டடத்தைப் பார்த்திருப்பார்கள். அந்தக் காலத்தில் மலாயாவை ஆட்டிப்படைத்த நோய் பெரிபெரி. கால் மரத்துப்போகும், வீங்கும், கடைசியில் இதயம் நின்றுவிடும். வெள்ளீயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். அதே வெயில், அதே கொசு, அதே மாதிரிக் கூலி லயம்; ஆனால் தோட்டத்துத் தமிழர்களுக்கு மட்டும் அந்த நோய் அவ்வளவாக வரவில்லை. ஏன் என்று யோசித்தவர்களில் ஒருவர் பிராடன் என்ற மருத்துவர். சீனர்கள் சாப்பிட்டது சயாமிலிருந்து வந்த, நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசி. நம்மவர்கள் சாப்பிட்டது புழுங்கலரிசி.

1905-இல் வில்லியம் ஃப்ளெட்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநோயாளர் இல்லத்தில் இதைச் சோதித்தார். அங்கிருந்தவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தீட்டிய அரிசி, மறு பாதிக்குப் புழுங்கலரிசி. தீட்டிய அரிசிப் பக்கத்தில் பெரிபெரியால் 18 பேர் இறந்தார்கள். புழுங்கலரிசிப் பக்கத்தில் ஒருவரும் இறக்கவில்லை. அப்புறம் ஆராய்ச்சிக் கழகத்தின் ஃப்ரேசரும் ஸ்டாண்டனும் நெகிரி செம்பிலானில் சாலை போட்ட ஜாவானியத் தொழிலாளர்களிடம் மறுபடி சோதித்து, நோயைத் தடுக்கும் ஏதோ ஒன்று தவிட்டோடு போய்விடுகிறது என்று காட்டினார்கள். 1910-இல் மணிலாவில் கூடிய வெப்பமண்டல மருத்துவர் மாநாடு, வெள்ளை அரிசியையே தொடர்ந்து சாப்பிடுவதோடு இந்த நோய்க்குத் தொடர்பு உண்டு என்று ஏற்றது. வைட்டமின் என்ற பெயரே அதற்குப் பிறகுதான் வந்தது.

யாருக்கு நோய் வந்தது என்பதோடு, யாருக்கு வரவில்லை என்பதையும் எழுதி வைத்ததால் வந்த கண்டுபிடிப்பு அது. அந்தக் கணக்கில் தமிழர்கள் இல்லாமல் போயிருந்தால் விடை கிடைக்க இன்னும் எத்தனை காலம் ஆகியிருக்குமோ. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்த மனநோயாளிகளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. இன்று அப்படி ஒரு சோதனைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் (ஆய்வுகளால் மனிதர்களுக்குக் கெடுதல் வராதா என்று பார்த்து அனுமதி தரும் குழு) அனுமதி தராது. ரத்தம் எடுக்க வருகிறவர்கள் நீட்டும் சம்மதப் படிவம் வெறும் சம்பிரதாயத் தாள் இல்லை. அதைப் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

"எதற்கு இவ்வளவு கேள்வி?" என்று கேட்கிறவர்களுக்கு நிப்பா வைரஸின் கதையைச் சொல்லுங்கள். 1998 கடைசியில் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் தொடங்கி, பிறகு நெகிரி செம்பிலானில் புக்கிட் பெலாண்டோக் பக்கம் தீவிரமாகப் பரவியது. கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நிற்கவில்லை. நோயாளிகளின் விவரத்தைப் பார்த்தவர்களுக்கு ஏதோ இடித்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்களோ நடுவயது ஆண்கள், அதுவும் பன்றியைத் தொட்டு வேலை செய்தவர்கள். தடுப்பூசி போட்டவர்களும் செத்தார்கள். பக்கத்துக் கம்பத்து (கிராமத்து) மலாய்க்காரர்களையும் அதே கொசுதான் கடித்தது. அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பன்றிகளும் இருமின.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் சுவா காவ் பிங், இறந்துபோன நோயாளிகளிடமிருந்து எடுத்த மாதிரிகளிலிருந்து ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி ராட்சதச் செல்களாக மாறின. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் அப்படிச் செய்யாது. மாதிரிகளை அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு மையத்துக்கு எடுத்துக்கொண்டு போய் உறுதி செய்தார்கள். அது புதிய வைரஸ். ஒரு நோயாளியின் ஊரான சுங்கை நிப்பா கம்பத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள். அதன் பிறகுதான் அரசாங்கத்தின் கவனம் கொசுவிலிருந்து பன்றிக்கு முழுமையாகத் திரும்பியது. சுமார் 10 லட்சம் பன்றிகள் அழிக்கப்பட்டன. மலேசியாவில் 265 பேருக்கு நோய் கண்டு 105 பேர் இறந்திருந்தார்கள். பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கு வந்தது என்று பிறகு தெரிந்தது. பழ மரங்களின் நிழலில் பன்றிக் கொட்டகை இருக்கக்கூடாது என்ற எச்சரிக்கை அதிலிருந்து வந்ததுதான்.

என்ன வேலை செய்கிறீர்கள், எந்த இனம், பன்றிக்கு எவ்வளவு பக்கத்தில் போனீர்கள் என்ற கேள்விகள் அன்றைக்குக் கேட்கப்பட்டவர்களுக்கு அதிகப்பிரசங்கித்தனமாகத்தான் தோன்றியிருக்கும். பதில்கள் ஒன்று சேர்ந்த பிறகுதான் அவற்றின் பயன் தெரிந்தது.

சரி, இவை நோய்க் கதைகள். உயிர் போகும்போது அரசாங்கம் வேகமாக அசையும். சம்பளம், வாடகை, பிள்ளைகளின் சாப்பாடு என்று வந்தால் அந்த வேகம் இருக்காது. உங்களைப் போன்ற அடுக்குமாடிகளில் நடந்ததையே சொல்கிறேன். 2018-இல் யுனிசெஃப் ஓர் ஆய்வை வெளியிட்டது. கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா வட்டாரத்தில் 17 குறைந்த விலை அடுக்குமாடிகளில் பிள்ளைகளை அளந்தார்கள். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களில் நூற்றுக்கு 22 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். அதே வீடுகளில் நூற்றுக்கு 23 பேர் எடை கூடியவர்கள். இரட்டைக் கோபுரம் தெரிகிற ஜன்னலுக்குப் பின்னால் இப்படி ஒரு நிலைமை என்றதும் பேச்சு கிளம்பியது. அப்போதைய அரசாங்கக் கணக்குப்படி நாட்டில் ஏழைகள் 0.4 விழுக்காடுதான். ஏனென்றால் ஒரு குடும்பத்துக்கு மாதம் 980 வெள்ளி (ரிங்கிட்) வந்தால் அது ஏழைக் குடும்பம் இல்லை என்று கோடு போட்டிருந்தார்கள். கோலாலம்பூரில் 980 வெள்ளியில் ஒரு குடும்பம் எப்படி நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

2019 ஆகஸ்டில் வறுமை பற்றி ஆராயும் ஐக்கிய நாடுகள் சபையின் சிறப்பு அறிக்கையாளர் ஃபிலிப் ஆல்ஸ்டன் இங்கே வந்து, இந்தக் கணக்கு நடைமுறைக்குப் பொருந்தாது என்று வெளிப்படையாகச் சொன்னார். அமைச்சர்கள் கோபப்பட்டார்கள். உள்ளூர் ஆய்வாளர்கள் பல வருடமாகச் சொல்லிவந்ததும் அதுதான். அதே 2019-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சமூக நல்வாழ்வு ஆராய்ச்சி மையம், ஊழியர் சேமநிதி வாரியத்தோடு சேர்ந்து 'பெலாஞ்சாவான்கு' என்ற செலவுக் கையேட்டை வெளியிட்டது. கிள்ளான் பள்ளத்தாக்கில் தனி ஆளுக்கும், பிள்ளை குட்டியுள்ள குடும்பத்துக்கும், முதியவர்களுக்கும் மாதம் எவ்வளவு தேவை என்று அதில் இருந்தது. 2020-இல் வறுமைக்கோடு 2,208 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. ஏழைகளின் விகிதம் ஒரே நாளில் 5.6 விழுக்காடானது.

ஆய்வினால்தான் கோடு மாறியது என்று ஒற்றைக் காரணம் சொல்ல மாட்டேன். அரசியல் இருந்தது, வெளிநாட்டார் விமர்சனம் இருந்தது, பத்திரிகைகளும் விடவில்லை. ஆனால் விவாதம் நடந்தபோது "அப்படியெல்லாம் இல்லை" என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாதபடி மேசை மேல் எண்கள் கிடந்தன. ஆராய்ச்சி மையங்களால் முடிவது பெரும்பாலும் இவ்வளவுதான். சட்டம் போடுவது அவர்கள் வேலை இல்லை. பொய் சொல்வதைக் கஷ்டமாக்குவார்கள்.

அளந்தால் மட்டும் பிள்ளை வளர்ந்துவிடாது என்பதற்கும் எண் இருக்கிறது. சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வில், வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகளின் விகிதம் 2015-இல் 17.7, 2019-இல் 21.8, 2022-இல் 21.2. பிரச்சினை தெரிந்து வருடங்கள் ஆகியும் அசையவில்லை. உங்கள் பெரியவர்கள் இதைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டால் நான் அவர்கள் பக்கம்தான் நிற்பேன். ஆனால் சண்டை போட வேண்டியது எண்ணை வாங்கிக்கொண்டு ஒன்றும் செய்யாதவர்களோடு. எண்ணெடுக்க வந்த, மாதச் சம்பளத்துக்கு வேலை செய்கிற சின்னப் பெண்ணோடு இல்லை.

இப்போது நம் சமூகத்துக்கென்று ஒரு கணக்கு. 2020 கணக்கெடுப்பின்படி குடிமக்களில் இந்தியர்கள் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. ஆயிரம் பிள்ளைகளை அளக்கும் ஆய்வில் நம் பிள்ளைகள் சுமார் 65 பேர் வருவார்கள். அதில் பாதி வீடு கதவைத் திறக்கவில்லை என்றால் முப்பத்துச் சொச்சம். அதை வயதுவாரியாக, வருமானவாரியாகப் பிரித்தால் ஒரு கட்டத்தில் நாலு பேர், இன்னொன்றில் இரண்டு பேர். அந்தக் கட்டத்தில் எண்ணுக்குப் பதிலாக ஒரு நட்சத்திரக் குறி போட்டு, "மாதிரி போதாது" என்று எழுதிவிடுவார்கள். அமைச்சின் கூட்ட அறையில் அந்தக் கட்டத்தைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். நட்சத்திரத்துக்கு யார் நிதி ஒதுக்குவார்கள்? பெரும்பான்மையாக உள்ளவர்களில் பத்து வீடு மறுத்தால் ஆய்வுக்கு ஒன்றும் ஆகாது. நம் வீடுகள் பத்து மறுத்தால் நாமே கணக்கில் காணாமல் போய்விடுவோம்.

இனிப்புநீர் என்கிற நீரிழிவு நோயைப் பாருங்கள். 2019 தேசிய ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு அது இருந்தது. இந்தியர்களிடம் விகிதம் மற்றவர்களைவிட அதிகம். இது நமக்குத் தெரிந்ததே. தெரியாதது என்னவென்றால், அந்த 18.3-இல் ஏறத்தாழ பாதிப் பேருக்குத் தங்களுக்கு இனிப்புநீர் இருப்பதே தெரியாது. விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் பார்த்த பிறகுதான் தெரிந்தது. "எனக்கு ஒன்றும் இல்லை, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று ரத்தம் தர மறுக்கிற பெரியவரிடம் முதலில் இதைத்தான் சொல்வேன். அந்த வருடமே ஜூலையில் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி வந்தது; பிறகு கூட்டினார்கள். (ஆலையில் தயாரித்து அடைத்து வருவதற்குத்தான் வரி. மூலைக்கடை தே தாரிக்கில் எவ்வளவு கெட்டிப்பால் ஊற்றினாலும் யாரும் கேட்பதில்லை. கொள்கையில் ஓட்டை இருப்பது ஆய்வாளர்களுக்கும் தெரியும்.)

வாடகை பயத்துக்கு வருகிறேன். புள்ளிவிவரத் துறை வீடு வீடாக நடத்தும் மாதிரி ஆய்வுகள் 1965-ஆம் ஆண்டுப் புள்ளிவிவரச் சட்டத்தின் கீழ் நடப்பவை. தனி ஆள் விவரத்தை அந்தத் துறை வெளியே தர முடியாது. பல்கலைக்கழக ஆய்வு என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதியும், உங்களுக்குத் தரும் தகவல் தாளும்தான் பாதுகாப்பு. 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இதற்கெல்லாம் காவல் என்று சிலர் நினைக்கிறார்கள். அது வணிகம் சார்ந்த விவகாரங்களுக்கு உள்ளது, அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தாது. ஆகவே வாய் வார்த்தையை நம்ப வேண்டாம். "சம்பள விவரம் மாநகர் மன்றத்துக்கோ, உதவித்தொகை கொடுக்கும் எந்த இலாகாவுக்கோ பெயரோடும் வீட்டு எண்ணோடும் போகாது" என்று எழுத்தில் கேளுங்கள். ஒழுங்கான குழுவாக இருந்தால் அன்றே எழுதித் தரும். பெயர் ஒரு கோப்பில், பதில்கள் இன்னொரு கோப்பில், இரண்டையும் இணைப்பது ஓர் இலக்கம் மட்டும் என்று வைப்பதுதான் வழக்கம். அந்த இலக்கப் பட்டியல் யார் கையில் இருக்கும், எப்போது அழிக்கப்படும் என்றும் கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் சம்பளக் கேள்வியை மட்டும் தவிர்க்கலாம். பிடிக்காத கேள்வியை விட்டுவிடவும், பாதியில் விலகிக்கொள்ளவும் உங்களுக்கு உரிமை உண்டு.

நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதத்தின் நகலை முதலில் வாங்கிப் பாருங்கள். சம்மதப் படிவமும் தகவல் தாளும் தமிழில் வேண்டும் என்று சொல்லுங்கள். மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டும் நீட்டினால், உங்கள் பாட்டிமார் எதற்குக் கைநாட்டு வைக்கிறோம் என்று தெரியாமலே வைப்பார்கள். ரத்தத்தை இந்த ஆய்வுக்கு மட்டும் பயன்படுத்துவார்களா, சேமித்து வைத்துப் பிறகு வேறு ஆய்வுக்கும் எடுப்பார்களா என்பதற்குத் தனியாகச் சம்மதம் கேட்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, போன முறை உங்களுக்குக் கிடைக்காதது. சர்க்கரை, ரத்த அழுத்தம் கூடியவர்களுக்கு அன்றைக்கே கிளினிக் கெசிஹாத்தானுக்கு, அதாவது அரசாங்கச் சுகாதார நிலையத்துக்கு, பரிந்துரைக் கடிதம் தர வேண்டும். ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ வந்து, சங்க மண்டபத்தில் உட்கார்ந்து, உங்கள் பிளாக்கின் முடிவு என்ன, அதை எந்த அமைச்சுக்கு, யாருக்குக் கொடுத்தோம் என்று சொல்ல வேண்டும். இதற்கு ஒரு மாதத்தைக் குறிப்பிட்டு அனுமதிக் கடிதத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்தார் மறுக்க மாட்டார்கள். சமூகத்துக்குத் திருப்பித் தந்தது என்ன என்று ஆய்வுக்கு நிதி தருகிறவர்களே அவர்களைக் கேட்பதுண்டு.

அளக்கும் நாளன்று நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையைப் படுக்க வைத்துத்தான் அளக்க வேண்டும். ஒருவர் தலையைப் பிடிக்க, ஒருவர் முழங்காலை அழுத்திப் பிடிக்க, இரண்டு பேர் வேண்டும். பெரிய பிள்ளை என்றால் செருப்பைக் கழற்ற வேண்டும், குதிகாலும் பின்தலையும் பலகையைத் தொட வேண்டும். பெண் பிள்ளைகளுக்குக் கொண்டையை அவிழ்க்கச் சொல்லுங்கள். ஐந்து வயது முடிந்த பெண் பிள்ளை ஏறக்குறைய 100 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால்தான் வளர்ச்சி குன்றியவள் என்ற பட்டியலில் வருவாள். அள்ளி முடிந்த கொண்டை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கூட்டிக் காட்டிவிட்டால், உதவி கிடைக்க வேண்டியவள் நன்றாக வளர்ந்தவள் கணக்கில் போய்விடுவாள். அவசரத்தில் இதை விட்டுவிடும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

தேர்ந்தெடுத்த வீட்டுக்காரர் இல்லை என்றால் பக்கத்து வீட்டம்மா "நான் சொல்றேன், எழுதிக்கோங்க" என்று முன்வருவார். அதை ஏற்க மாட்டார்கள், தவறாக நினைக்காதீர்கள். வீடுகளைக் குலுக்கல் முறையில் எடுப்பதே, வீட்டில் சும்மா இருக்கிறவர்கள் மட்டும் பதில் சொல்லிக் கணக்கு சாயாமல் இருக்கத்தான். அதே காரணத்துக்காக, வேலை நாளில் காலை பத்து மணிக்கு வர வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். வேலைக்குப் போகிறவர்கள் திரும்பும் இரவு ஏழரைக்கு மேலோ, ஞாயிற்றுக்கிழமையோ வரட்டும். வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும் என்றால் ஞாயிறு காலை.

கடைசியாக ஒன்று. அவர்கள் கேள்விகளுக்கு நீங்கள் பதில் சொல்லும்போது, உங்கள் கேள்வி ஒன்றையும் படிவத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். பி.பி.ஆர் வீடுகளில் லிஃப்ட் படுத்துவிடுவது புதிதல்ல. போன மூன்று மாதத்தில் லிஃப்ட் எத்தனை நாள் ஓடவில்லை, அந்த நாட்களில் கிளினிக் தேதியைத் தவறவிட்டவர்கள் யார் யார், மருந்து தீர்ந்தும் இறங்க முடியாமல் இருந்தவர்கள் எத்தனை பேர்: இதை ஒரு பல்கலைக்கழகம் எண்ணிச் சொன்னால், லிஃப்ட் பழுது பராமரிப்புப் புகாராக நிற்காமல் சுகாதாரப் பிரச்சினையாக மாறும். சங்கம் எழுதும் பத்துக் கடிதத்துக்கு அசையாத இலாகாவிடம் அந்த ஒரு பக்கத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்த பிறகு ஒரு கேள்வியைச் சேர்ப்பதானாலும் மறுபடி அனுமதி வாங்க வேண்டும், அதற்கு நாளாகும். ஆகவே உங்கள் பதில் கடிதத்தை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.